வாவிக்கரைக் கடைத்தொகுதியில் வழி சொல்பவள்

தகவல் கவுண்டரில் நிற்பவளுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று சனம் நினைக்கும்; அவளுக்கு எதையாவது சொல்லிவைக்க வேண்டும் என்று மட்டும் ஒருவரும் நினைப்பதில்லை.

வங்கியிலோ ஆஸ்பத்திரியிலோ பஸ் நிலையத்திலோ ஒரு மேசைக்குப் பின்னால் நின்று சனத்துக்குப் பதில் சொன்னவர் நீங்கள் என்றால், உங்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. கேள்வி வருவதற்கு முன்பே பிழையான பதில் சொல்லிவிடுவோமோ என்று ஒரு பயம் வருமே, அதே பயம்தான் எனக்கும்.

நான் ஜெசிந்தா. கொட்டாஞ்சேனையில் பிறந்து, கொட்டாஞ்சேனையிலேயே கலியாணம் கட்டியவள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் சரக்குக் கொம்பனியில் நீண்ட காலம் கிளார்க்காக இருந்தேன். நாட்டின் பொருளாதாரம் படுத்த காலத்தில் கொம்பனியும் படுத்துவிட்டது. நாற்பதைத் தாண்டிய பிறகு கிடைத்த வேலை இது: வாவிக் கரையில் புதிதாகத் திறந்த பெரிய கடைத்தொகுதியில் தகவல் கவுண்டர். கீழே கடைகள், மேலே சாப்பாட்டுக் கடைகள், பின்பக்கம் தண்ணீரை ஒட்டிப் பலகை நடைபாதை. மூன்று மொழியும் கதைப்பேன் என்பதால் எடுத்தார்கள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெரு முனைக்கு வந்த பிறகு, காஸ் அடுப்பை நிறுத்தினேனா என்று திரும்பிப் போய்ப் பார்க்கிறவள் நான் என்பதை நேர்முகப் பரீட்சையில் யாரும் கேட்கவில்லை.

“முதல்ல கொஞ்ச மாசம் பாப்பம், அதுக்குப் பிறகுதான் நிரந்தரம்” என்றார் சுப்பர்வைசர் ருவன். என்னைவிட வயதில் குறைந்தவர், நல்ல மனிதர், ஆனால் எப்போதும் யாரோ துரத்துவதுபோல நடப்பார். என்னோடு கவுண்டரில் நிற்பவள் ஷஃப்னா. தெஹிவளைப் பிள்ளை. எனக்கு வருகிற பயமெல்லாம் அவளுக்குப் பகிடி.

திறந்த அன்றைக்கு

திறப்புவிழா முடிந்து ரிப்பன் இன்னும் தரையில் கிடக்கும்போதே சனம் உள்ளே வந்துவிட்டது. எங்கள் கையில் ஒரு வரைபடம் தந்திருந்தார்கள். அது கட்டடம் கட்டும்போது கீறியது. அதற்குப் பிறகு நகைக்கடை சப்பாத்துக் கடை இருந்த இடத்துக்குப் போயிருந்தது, சப்பாத்துக் கடை மேல்மாடிக்குப் போயிருந்தது. பெயர்ப்பலகைகள் பாதி இன்னும் பெட்டிக்குள். வந்த சனமோ கடையைக் கேட்கவில்லை. எல்லோரும் கேட்டது டொய்லட்.

நுகேகொடையிலிருந்து மனைவியோடு வந்திருந்த ஒரு பெரியவர், வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். நகைக்கடையைத் தாண்டி இடப்பக்கம் என்றேன். போனார், வந்தார். மன்னிப்புக் கேட்டுவிட்டு எஸ்கலேட்டருக்குப் பின்னால் என்றேன். போனார், வந்தார். அங்கே ஜெனரேட்டர் அறையாம். ருவன் தூரத்தில் நின்று எங்களையே பார்ப்பது தெரிந்தது. வரைபடத்தை இப்படியும் அப்படியும் திருப்பினேன். பெரியவர் ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் கவுண்டரில் கையை ஊன்றி, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார்:

“மகள், உங்களுக்கும் தெரியாதெண்டாச் சொல்லுங்கோ. ரெண்டு பேருமாச் சேர்ந்து தேடுவம்.”

மேலேயிருந்து வந்த குரல்

கவுண்டரில் ஒரு மைக் இருக்கிறது. அதைக் கண்டாலே எனக்குப் பிடிக்காது. கார் இலக்கம் சொல்லி எடுக்கச் சொல்வது, கடை மூடும் நேரம் சொல்வது எல்லாம் ஷஃப்னாவின் வேலை. ஒரு நாள் அவள் சாப்பிடப் போயிருந்தாள்.

இரத்மலானையிலிருந்து வந்த ஓர் இளம் தாய் கவுண்டருக்கு வந்தாள். ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தாள். “மிஸ், என்ட மகளைக் காணேல்லை” என்றாள். அழவில்லை. பாடம் ஒப்புவிப்பதுபோலச் சொன்னாள்: பெயர் லக்‌ஷிகா, வயது நான்கு, மஞ்சள் சட்டை, காலில் சத்தம் போடும் சப்பாத்து. கணவன் காரை நிறுத்தப் போயிருக்கிறார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாளாம், காசு எடுக்கப் பையைத் திறந்த நேரம் கையை விட்டாளாம்.

நான் அவளைப் பார்க்காமல் அவளுக்குப் பின்னால் இருந்த கண்ணாடியைப் பார்த்தேன். கண்ணாடிக்கு வெளியே பலகை நடைபாதை, அதற்கப்பால் பச்சைத் தண்ணீர். நடைபாதையின் ஒரு மூலையில் அப்போது கைபிடிக் கம்பி பூட்டி முடியவில்லை, கயிறு கட்டி விட்டிருந்தார்கள். பெரியவர்களுக்கு அது கயிறு. நான்கு வயதுப் பிள்ளைக்கு அது குனியாமலே போகக்கூடிய வாசல். அந்தத் தாயும் திரும்பி அதே மூலையைப் பார்த்தாள்.

செக்யூரிட்டி பண்டாரவுக்குச் சைகை காட்டினேன். பழைய ஆமிக்காரர். ஒரு சொல் கேட்காமல் நடைபாதைப் பக்கம் ஓடினார். நான் மைக்கை எடுத்தேன். தமிழில், சிங்களத்தில், ஆங்கிலத்தில் சொன்னேன். “லக்‌ஷிகா என்ற பிள்ளை எங்கிருந்தாலும் உடனே தகவல் கவுண்டருக்கு வரவும்.” என் குரல் எனக்கே பொலிஸ்காரன் குரல்போலக் கேட்டது. யாரும் வரவில்லை. திரும்பவும் சொன்னேன், இன்னும் சத்தமாக. கடைகளிலிருந்து சனம் எட்டிப் பார்த்தது. பிள்ளை வரவில்லை. பண்டார கயிற்றடியில் குந்தியிருந்து தண்ணீருக்குள் பார்ப்பது எனக்குக் கண்ணாடியூடாகத் தெரிந்தது. அந்தத் தாய்க்கும் தெரிந்திருக்கும்.

பிறகு அவள் சொன்னாள்: “மிஸ், அதை என்னட்டத் தாங்க.” வெளியாட்கள் மைக்கைத் தொடக்கூடாது என்பது கண்டிப்பான சட்டம். கொடுத்துவிட்டேன். அவள் வாயை மைக்கோடு ஒட்டி, மெதுவாக, “லச்சு, அம்மா ஏசமாட்டன். வாங்கோ குஞ்சு. அம்மா ஏசவே மாட்டன்” என்றாள். கட்டடம் முழுக்க அது கேட்டது. எஸ்கலேட்டரில் நின்ற சனம்கூடப் பேச்சை நிறுத்திவிட்டது. பிறகு எதிரே இருந்த துணிக்கடையில், தொங்கிய நீளச் சட்டைகளுக்கு நடுவிலிருந்து அந்தச் சப்பாத்துச் சத்தம் வந்தது. கீச், கீச், கீச். மஞ்சள் சட்டை வெளியே வந்தது.

தாய் அப்போதுதான் அழுதாள். நானும் கவுண்டருக்குக் கீழே எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். பிள்ளை அழவில்லை. தாயின் தோளில் இருந்தபடி கூரையில் பூட்டியிருந்த ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்:

“அம்மா, மேல இருந்து எனக்கு ஏசின ஆள் போயிட்டாவா?”

மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர்

தொலைபேசி அடித்தது. மேல்மாடிக் கடைகளிலிருந்து இல்லை, நடைபாதையை ஒட்டி வெளியே மேசை போட்டிருக்கும் சாப்பாட்டுக் கடையிலிருந்து. “முதலை வந்திருக்கு, ஆளை அனுப்புங்க” என்றான் அங்கே வேலை செய்யும் பையன். வாவியில் முதலை வருமா வராதா என்று ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பண்டாரவைக் கூட்டிக்கொண்டு நானும் போனேன். போகாமல் நின்றால், அங்கே என்ன நடக்கிறது என்று யாராவது கேட்கும்போது சொல்லப் பதில் இருக்காதே.

முதலை இல்லை, கபரகொய்யா, பெரிய தண்ணீர் உடும்பு. ஆள் நீளத்துக்கு, தண்ணீர் சொட்டச் சொட்ட, நாக்கை நீட்டி நீட்டி மேசைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தது. சனம் கதிரைகளுக்கு மேலே. கனடாவிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் மேசைக்கு மேலேயே ஏறி நின்று வீடியோ எடுத்தது. பண்டார ஒரு தட்டை எடுத்துத் தரையில் தட்டித் தட்டி, அதைத் தண்ணீர்ப் பக்கம் மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தார்.

ஓரத்து மேசையில் மட்டும் ஒரு அம்மா, வெள்ளவத்தைக்காரி, கால்களைக் கதிரைக்கு மேலே மடக்கி வைத்துக்கொண்டு நண்டுக் கறியைச் சாப்பிட்டபடியே இருந்தார். கபரகொய்யாவின் வால் அவருடைய கைப்பையை உரசிக்கொண்டு போனது. “அன்ரி, தயவுசெய்து எழும்பி உள்ளுக்கு வாங்க” என்று கெஞ்சினேன். அவர் வாசலில் இடத்துக்காகக் காத்து நின்ற நீண்ட வரிசையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நான் எழும்பினால் மேசையை வேற ஆக்கள் பிடிச்சிடுவினம், பிள்ளை.”

தற்செயலான சந்திப்பு

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், பட்டுச்சேலை கட்டிய ஓர் அம்மா வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். “தங்கச்சி, நீங்கள் யாழ்ப்பாணமோ?” “இல்லை அன்ரி, கொட்டாஞ்சேனை.” “பரவாயில்லை” என்றார்.

விஷயம் என்னவென்றால், மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். வீட்டுக்கு வந்தால் பக்கத்து ஃபிளட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும், சரிவராவிட்டால் பேச்சு. அதனால் இங்கே தற்செயலாகச் சந்திப்பதாக ஏற்பாடு. “எந்த இடத்தில் நிண்டால் தற்செயல் மாதிரி இருக்கும்?” என்று கேட்டார். வரைபடத்தில் அதற்குப் பதில் இல்லை. தண்ணீர் தெரியும் தேநீர்க்கடைக்கு முன்னால் நிற்கச் சொன்னேன். சரிவராவிட்டால் பழி என்மேல் வருமே என்ற யோசனை அதற்குப் பிறகுதான் வந்தது.

கொஞ்சத்தில் பச்சைச் சட்டை போட்ட ஒரு பெண் தனியாக வந்து, “அக்கா, இங்க வேற வாசல் ஏதும் இருக்கோ?” என்றாள். சாமான் இறக்கும் வாசலைச் சொன்னேன், ஐஸ்கிரீம் கடைக்குப் பின்னால். அவள் போனதும், கழுத்துவரை பொத்தான் பூட்டிய ஒரு பொடியன் வந்தான். அவனும் அதே கேள்வி. அதே பதில். அதற்குப் பிறகுதான் பட்டுச்சேலை அம்மாவும் மாப்பிள்ளையின் அம்மாவும் இரண்டு பக்கத்திலிருந்தும் கவுண்டருக்கு வந்தார்கள். “எங்கட பிள்ளையைக் கண்டனீங்களோ?” “எங்கட பொடியனைக் கண்டனீங்களோ?” ஒருவரையொருவர் பார்த்துத் தற்செயலாகச் சிரித்தார்கள். இரண்டு வீட்டுப் பிள்ளையையும் தப்ப விட்டது நான்தான். ஷஃப்னா என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விட்டாள்.

இரண்டு குடும்பமும் அங்கேயே நின்று கால் மாற்றிக் கால் மாற்றிக் காத்திருந்தது. காலநிலையைப் பற்றிக் கதைத்தார்கள், ஃபிளட் வாடகையைப் பற்றிக் கதைத்தார்கள். கடைசியில் அந்தப் பெண்ணும் பொடியனும் ஐஸ்கிரீம் கடைப் பக்கமிருந்து சேர்ந்தே வந்தார்கள், ஆளுக்கொரு ஐஸ்கிரீமோடு. அவன் பொத்தான் ஒன்றைத் திறந்துவிட்டிருந்தான். என்னைக் கடக்கும்போது அவள் மெல்லக் குனிந்தாள்.

“அக்கா, அந்தக் கதவு எப்பவும் பூட்டித்தான் கிடக்கும் எண்டும் சேர்த்துச் சொல்லுங்கோ.”

கவுண்டருக்கு அடியில்

இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் மற்றதெல்லாம் பொய்போல இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை. சனம் நிறைய. ஷஃப்னாதான் முதலில் கண்டாள். கவுண்டரின் வெளிப்பக்கத்தில், கீழே, கடுநீலப் பயணப்பை ஒன்று. நிறையச் சாமான் திணித்து, சிப் இறுக்கி மூடியிருந்தது. பக்கத்தில் யாருமில்லை. தேவாலயங்களில் குண்டு வெடித்த அந்த உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு எங்கள் கொட்டாஞ்சேனையில் ஒரு பை தனியே கிடந்தால் ஒருவரும் அதைச் சும்மா கடந்து போவதில்லை. கோயில் மணியா, வேறு ஏதாவதா தெரியாது, காதுக்குள் ஒரு சத்தம்.

பண்டார வந்து பார்த்தார். அவருடைய முகமும் மாறியது. “காகெத பேக் எக்க?” என்று பக்கத்தில் நின்றவர்களிடம் யாருடைய பை என்று மெல்லக் கேட்டார். யாரும் உரிமை கோரவில்லை. ருவனுக்குப் போன் எடுத்தேன். “மைக்கில சொல்ல வேணாம், சனம் மிதிபட்டுச் சாகும். பொலிசுக்குச் சொல்றன். நீங்க ஆக்களை அங்கால அனுப்புங்க, சிரிச்ச முகமா” என்றார். எனவே சிரித்தேன். “இந்தப் பக்கம் தரை கழுவப் போறம், தயவுசெய்து அங்கால போங்க” என்று வந்தவர் எல்லோருக்கும் மூன்று மொழியிலும் பொய் சொன்னேன். தரை காய்ந்துதானே இருக்கிறது என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். அவருக்கும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மனதுக்குள் அருள் நிறைந்த மரியே சொன்னேன். என் மகனுக்கு மத்தியானச் சாப்பாடு எங்கே வைத்திருக்கிறேன் என்று சொல்லாமல் வந்துவிட்டேனே என்பதும் நினைவுக்கு வந்தது.

ஷஃப்னா சுவரோரம் போய் நின்றாள். எப்போதும் பகிடி விடுகிறவள், இரண்டு கையையும் முன்னால் தெரியும்படி கோர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். “இங்க வா” என்றேன். வரவில்லை.

பொலிஸ் வருவதற்கு முதல் ஓர் அம்மா வந்தார், கணவனின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு. நேராகக் கவுண்டருக்கு வந்து, பண்டார தடுக்க முதல் குனிந்து பையை எடுத்துவிட்டார். சிப்பைத் திறந்தார். சுடுதண்ணீர்ப் போத்தல், இடியப்பப் பெட்டி, சம்பல், அவருடைய கணவனுக்கு மாற்றுச் செருப்பு. சீனி வருத்தக்காரராம், வெளிச் சாப்பாடு ஆகாதாம். “ஏன் அம்மா இப்படி விட்டிட்டுப் போனீங்க?” என்றேன். அவருக்கு என் கோபம் விளங்கவில்லை. “விட்டிட்டுப் போகேல்லையே. உங்களிட்ட இருந்தால் பாதுகாப்பு எண்டுதான் வைச்சனான்” என்றார்.

அவர்கள் போன பிறகு, இனிப் பொலிஸ் வேண்டாம் என்று ருவனுக்குச் சொல்லிவிட்டு, ஷஃப்னாவிடம் போனேன். ஏன் அவ்வளவு தூரம் போய் நின்றாய், அவ்வளவு பயமா என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்:

“உள்ளுக்க ஏதும் ஈந்திருந்தா எல்லாரும் ஒண்டாத்தான் போயிருப்போம் அக்கா. ஆனா டீவீல என்ட பேர மட்டும்தான் செல்லியிருப்பாங்க.”

தொடுதிரை

அதற்குப் பிறகு சில வாரம் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காத நாட்கள்தான் எனக்கு இன்னும் பயம். நினைத்தது சரி. ஒரு காலை கவுண்டருக்குப் பக்கத்தில் ஆளுயரத்துக்கு ஒரு கண்ணாடிப் பலகை நின்றது. தொட்டால் வரைபடம் வரும், கடையின் பெயரை அமுக்கினால் வழி காட்டும். ருவன் அதைத் துணியால் துடைத்துக்கொண்டே, எங்களைப் பார்க்காமல், “கவுண்டர் இனித் தேவையா எண்டு மேல யோசிக்கிறாங்க” என்றார். ஷஃப்னாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவளுக்கு வீட்டில் வாப்பா வேலை இல்லாமல் இருக்கிறார். எனக்கு மகன் பரீட்சைக்குப் படிக்கிறான். ஒருத்தியை வைத்துக்கொள்வார்கள் என்றால் யாரை என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.

அன்று முழுக்க சனம் பலகையைச் சுற்றி நின்றது. எங்களிடம் ஒருவரும் வரவில்லை. கேள்வி கேட்டால் பயப்படும் எனக்கு, கேட்காதபோது அதைவிடப் பயம். பின்னேரம் கல்கிசையிலிருந்து வந்த ஒருவர், கோட் போட்டவர், அலுவலகத்திலிருந்து நேரே வந்திருப்பார், பலகையோடு நெடுநேரம் மல்லுக்கட்டினார். அவர் தேடிய கடை மூடிவிட்டது. பலகை அந்தக் கடை இருந்த இடத்துக்கே திரும்பத் திரும்ப வழி காட்டியது. அவர் அங்கே போய், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வந்து, பலகையிடம் ஏசினார். பலகை அவரை வரவேற்றது. ருவன் பக்கத்தில்தான் நின்றார். கோட்காரர் நெற்றியைத் துடைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். நான் நிமிர்ந்து நின்றேன்.

“மிஸ், இதுக்கு ஏசி ஒரு பிரயோசனமும் இல்ல. நீங்க ஒருக்கா இங்கால வாங்க.”

போனேன், ஏச்சை வாங்கிக்கொண்டேன், அடுத்த தெருவில் அதே சாமான் கிடைக்கும் இடத்தையும் சொல்லிவிட்டேன்; மேலிடம் எங்கள் இரண்டு பேரையும் இப்போதைக்கு வைத்திருக்கச் சொல்லியிருக்கிறதாம், ஆகவே இந்தக் கட்டடத்தில் எந்தக் கடைக்கும் என்னிடம் வழி கேளுங்கள், அடுத்த மாதம் நான் எங்கே நிற்பேன் என்பதை மட்டும் கேட்காதீர்கள்.